காய்ந்த சட்டை

செப்டம்பர் 9, திங்கள்

மறுபடியும் அண்ணன் ஈரச் சட்டையைக் கூடையின் அடியில் திணித்துவிட்டுப் போயிருக்கிறான். மேலே என் துணி, நடுவில் அம்மாவின் துண்டு. எல்லாவற்றிலும் பூஞ்சை வாடை. இந்த மலையில் நல்ல வெயில் அடித்தாலே ஒரு சட்டை காய இரண்டு நாள் ஆகும். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து போட்டால் நான் என்ன செய்வது? கேட்டால், "வேல செஞ்ச சட்ட அப்படித்தான்லா இருக்கும். காலேஜ விட்டு ஓடி வந்தவளுக்கு என்ன தெரியும்" என்கிறான்.

ஓடி வந்தவள். சரி. கோலாலம்பூரில் மூன்று செமஸ்டர் பயோமெடிக்கல் படித்துவிட்டுப் பெட்டியோடு தாப்பா வழியாக மேலே ஏறி வந்தவள்தான். இப்போது தானா ராத்தாவில் சலாஹுதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் எடுக்கிறேன். படித்துக்கொண்டிருந்தபோது யாரும் என்னைப் படித்தவள் என்று சொன்னதில்லை. விட்டுவிட்டு வந்த பிறகு இந்த எஸ்டேட் லயத்து வீடுகள் முழுவதற்கும் நான்தான் படித்தவள். சூராட், அதான் மலாய்க் கடிதம், வந்தால் புவனேஸ். மருந்துச் சீட்டு வந்தால் புவனேஸ். நாளைக்கு அம்மா கூடப் பிறந்த மாமாவைக் கிளினிக்குக் கூட்டிப் போகவும் புவனேஸ்.

வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அதுவும் போச்சு.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று மணி நேரம் உட்கார்ந்து நான்கு நிமிஷம் பார்த்தார்கள்.

மாமாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. சிறுநீர் சோப்பு நுரை மாதிரி போகிறதாம். அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, நான் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "குடிக்கிறதைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றார். மாமா குடிப்பதே இல்லை. சொன்னேன். அவர் சிரித்தார். எஸ்டேட் ஆள், நாற்பத்தாறு வயது, தனி ஆள், குடிக்கமாட்டானா என்கிற சிரிப்பு. பிரஷர் மாத்திரை எழுதினார். கிட்னிக்குப் பார்க்கிற ரத்த டெஸ்டில் கிரியேட்டினின் ஆறு மாதத்துக்கு முன்னால் இருந்ததைவிட இரண்டு மடங்கு. அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

மாமாவும் கும்பிட்டுவிட்டு எழுந்தார். "மரியாதையா பாத்தாரும்மா" என்றார் வெளியே வந்து. இவருக்கு எதுவெல்லாம் மரியாதை!

வேனில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐஸ் தண்ணீர் பாட்டிலை இரண்டு உள்ளங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். வெளியே பதினேழு டிகிரி. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

செப்டம்பர் 12, வியாழன்

மாத்திரையைத் தொடவேயில்லை. டப்பாவை டிவி மேல் அழகுக்கு வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கடையிலிருந்து நான்கு மணிக்கே வந்துவிட்டேன். மாமா லயத்துக்குப் பின்னால் குழாயடியில் சாரத்தோடு குளித்துக்கொண்டிருந்தார். மாத்திரையைப் பற்றிச் சண்டை போடத்தான் போனேன். ஈரச் சாரம் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. தொப்புளைச் சுற்றி, இடுப்பெல்லாம், சிவப்பு மைப் பேனாவின் முனையால் குத்திக் குத்தி வைத்ததுபோல் புள்ளி. கரும்சிவப்பு. கொசுக்கடி இல்லை.

"என்ன மாமா இது?"

"சின்னப் புள்ளையிலேருந்து இருக்கு. ஆம்பள குளிக்கற எடத்துல ஒனக்கு என்ன வேல?"

இந்தப் புள்ளியை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். மனுஷன் மேல் இல்லை. காலேஜில் காட்டிய ஒரு ஸ்லைடில்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நோட்ஸ் பெட்டியைத் தேடினால் பெட்டியைக் காணோம். அம்மா மளிகை அலமாரித் தட்டுகளுக்கு என் நோட்ஸைத்தான் விரித்திருக்கிறாள். "நல்ல கெட்டிப் பேப்பர், சும்மாதான கெடந்திச்சி" என்கிறாள். மூன்று செமஸ்டர் பீஸ் கட்டி வாங்கிய நோட்ஸ் மேல் மிளகாய்த்தூள் டப்பா உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள்தூளுக்குக் கீழே கிடைத்தது.

நான் பெயிலான பாடம். கடைசிக் கேள்வி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: விலங்குச் செல் சவ்வில் ஸ்பிங்கோலிப்பிட்களின் பங்கு என்ன, அவை சிதையாமல் போனால் வரும் நோய் ஒன்றை விளக்குக, பத்து மார்க். நான் எழுதியது ஒரே வரி. ஸ்பிங்கோலிப்பிட் ஒரு வகைக் கொழுப்பு. ஒரு மார்க் போட்டிருந்தார்கள். தாராள மனசு.

இப்போது எனக்காக எழுதிப் பார்க்கிறேன். செல்லைச் சுற்றி ஒரு சவ்வு. சுவர் மாதிரி கெட்டி இல்லை. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய் மாதிரி, நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் வெளிப்பக்கத்தில் இந்த ஸ்பிங்கோலிப்பிட்கள். மற்ற கொழுப்பைவிடக் கொஞ்சம் விறைப்பு. கொலஸ்ட்ராலோடு சேர்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். சிலதின் தலையில் சர்க்கரைச் சங்கிலி இருக்கும். நீ யார் என்று பக்கத்துச் செல் கேட்டால் காட்டுகிற ஐசி கார்டு அதுதான். நரம்புக்கு மேலே இருக்கிற உறையிலும் இதே சாதிதான்.

பழசானதைச் செல் உள்ளே இழுத்து ஒரு பைக்குள் போட்டு வெட்டும். ஒவ்வொரு சர்க்கரைக்கும் ஒரு தனி என்சைம், தனிக் கத்தி. ஒரு கத்தி இல்லையென்றால் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். வெட்டாதது பைக்குள் சேரும். நம் லயத்துக் குப்பை லோரி மாதிரி. லோரி வராவிட்டால் வீடு உடனே இடிந்துவிடாது. முதல் வாரம் வாடை. அப்புறம் சாக்கடை அடைக்கும். நாற்பது வருஷம் வராவிட்டால்?

ரத்தக்குழாய்ச் சுவரில் சேரும். நரம்பில் சேரும், கை கால் எரியும். வியர்க்காது. புள்ளி வரும். கடைசியில் கிட்னி, இருதயம்.

ஃபாப்ரி நோய். பேர் இதுதான். மஞ்சள் கறைக்கு நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

தாயிடமிருந்து மகனுக்கு வரும் என்று கீழே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மாமாவுக்கு அவர் அம்மாவிடமிருந்து, எங்கள் ஆயாவிடமிருந்து. அம்மாவுக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். அண்ணனைப் பற்றிக் கவலை இல்லை. அவன்தான் தினமும் வியர்வையில் குளித்துவிட்டு வருகிறானே. கூடையே சாட்சி.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாமாவை உட்கார வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் எனக்குக் கோபம் ஏறியது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியவில்லை.

ஏழு வயதிலிருந்து உள்ளங்கால் எரியுமாம். பள்ளியில் ஓடவிட்டால் அழுவாராம், வாத்தியார் நடிப்பு என்று முட்டி போட வைப்பாராம். காய்ச்சல் வந்தால் கை கால் நெருப்பு. சம்பளம் அதிகம் என்று கியா பார்ம் பக்கம் தக்காளிப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வேலைக்குப் போனவர், மூன்றாம் நாள் மயங்கி விழுந்தார். மலையை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. தாப்பாவில் என் சித்தி கல்யாணத்துக்கு வராததற்கு அம்மா இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாள்.

"வேர்க்குமா மாமா?"

சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எஸ்டேட்டில் அவருக்குப் பட்டப்பெயரே காஞ்ச சட்ட. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுதான் அவர் பெயர் என்றுகூட நினைத்திருக்கிறேன். இங்கே தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது, வேலை வாங்குகிற மண்டோர் மூட்டையை மட்டும் பார்ப்பதில்லை, சட்டையையும் பார்ப்பார். நனையாத சட்டைக்காரன் கள்ளன். மறுநாள் அவனுக்கு எட்டாத சரிவு. அர்ஜுனன் மண்டோருக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அவர் அப்பா கங்காணி.

அதனால்தான் மாமாவை வாட்ச்மேன் வேலைக்குத் தள்ளினார்கள். நான் உட்பட எல்லாரும் நினைத்தது: சோம்பேறி.

அக்டோபர் 1, செவ்வாய்

இந்தத் தடவை பழைய கிளினிக்குக்குப் போகவில்லை. வேறு டாக்டர், அஃபிஃபா என்று புதிதாக வந்தவர். போகும்போதே சண்டைக்குத் தயாராகப் போனேன். கறை படிந்த காகிதத்தை மேசையில் வைத்து, மாமாவின் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டி, மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எங்கே படித்தாய் என்றார். முடிக்கவில்லை என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். கெட்டி அட்டையில் ஐந்து வட்டம்; மாமாவின் ரத்தத்தை ஒவ்வொன்றிலும் சொட்டு வைத்துக் காயவிட்டு, கோலாலம்பூருக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கத்தி ரத்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று அங்கே பார்த்துவிடுவார்களாம்.

"மஞ்சள் வாசனை அடிக்குது" என்றார் காகிதத்தைத் திருப்பித் தரும்போது.

அக்டோபர் 8, செவ்வாய்

ரிசல்ட் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் மியூசிக்.

அக்டோபர் 12, சனி

இதை எழுதியாக வேண்டும்.

காலையில் துணி துவைத்தேன். அண்ணன் சட்டை வழக்கம்போல அடியில், நேற்றைய ஈரத்தோடு. காலரை பிரஷ்ஷால் தேய்க்கப் போனேன். தேய்க்க ஒன்றுமே இல்லை. சுத்தமான காலர். அக்குளில் மஞ்சள் இல்லை. காய்ந்த சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். முதுகில் உப்புப் பூத்த வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. இரண்டு வருஷமாக இவன் சட்டையைத் துவைக்கிறேன். திட்டித் திட்டித் துவைத்தேனே தவிர ஒரு நாள் பார்க்கவில்லை.

மோந்தேன். கொழுந்து வெட்டும் மெஷினின் எண்ணெய், இலை, குழாய்த் தண்ணீர்.

நக்கிப் பார்த்தேன். ஆமாம், நக்கினேன். உப்பே இல்ல. பச்சத் தண்ணி.

அவன் வியர்வையில் நனைந்து வரவில்லை. நிறுவைக்கு முன்னால் குழாயடியில் சட்டையை நனைத்துக்கொண்டு போயிருக்கிறான். ஒவ்வொரு நாளும்.

மழைக் குளிரில்கூட சமையல்கட்டு சிமெண்டில் வெறுங்காலோடு நிற்பானே. சாக்ஸ் போட மாட்டானே. பதினைந்து வயதில் ஸ்கூல் பந்து டீமை விட்டானே. எல்லாம் என் கண் முன்னாலதான நடந்திச்சு.

இரவு கேட்டேன், கால் எரியுமா என்று. அவன் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போய் ரோத்தி தூக்கற வேலையப் பாரு."

"ரத்தம் மட்டும் குடுண்ணே. விரல்ல ஒரு குத்து."

"மெடிக்கல் பாஸ் பண்ணிட்டேன். டிசம்பர் ரெண்டாந்தேதி ஜொகூர்ல வேலைக்கு ஏறணும். நீ சொல்ற பேரெல்லாம் கார்டுல ஏறுனா எவன் எனக்கு வேல தருவான்? ஒரு ஜென்மம் முழுக்க இந்தச் சரிவுல மெஷின் தூக்கவா?"

ஜொகூரில் கப்பல் கட்டும் யார்டு. வெல்டர் வேலை. ரிங்லெட்டில் ஒரு பட்டறையில் சனி ஞாயிறு போய் வெல்டிங் கற்றுக்கொண்டான். கடலோர வெயிலில், இரும்புத் தகட்டுக்கு நடுவில். கீழே இறங்கினாலே எரிகிற காலோடு.

அக்டோபர் 13, ஞாயிறு

மாமாவிடம் போய்க் கத்தினேன். அண்ணனுக்கும் இருக்கலாம் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தெரிந்திருக்கிறது. அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் கால் எரிகிறது என்று இவரிடம்தான் வந்து அழுதானாம். அவன் எஸ்டேட்டில் மெஷின் பிடிக்கச் சேர்ந்த முதல் நாள், குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் சட்டையை எங்கே நனைக்க வேண்டும், எவ்வளவு நனைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் இவர்தான். முதுகும் அக்குளும் மட்டும். முன்பக்கம் லேசாக. இவருக்கு அந்த வித்தை வந்தபோது பட்டப்பெயர் விழுந்து பல வருஷம் ஆகியிருந்ததாம்.

"நான் பட்ட பேரு அவன் படக்கூடாதுன்னுதான்மா."

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எழுந்து வந்துவிட்டேன். கதவை மட்டும் பலமாகச் சாத்தினேன்.

அக்டோபர் 25, வெள்ளி

மாமாவின் ரிசல்ட் வந்தது. அந்தக் கத்தி அவர் ரத்தத்தில் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அஃபிஃபா டாக்டர் கடைக்கே போன் செய்தார். பாய் கல்லாவிலிருந்து போனை நீட்டினார். நான் ஐந்தாம் மேசை முட்டை ரோத்தியோடு நின்று கேட்டேன். அழவில்லை. நான் சரியாகச் சொன்னேன் என்று ஒரு நொடி சந்தோஷம் வந்தது, அதுதான் அசிங்கம்.

வீட்டில் அம்மாவிடம் விளக்கினேன். ஆயாவிடமிருந்து மாமாவுக்கு. உனக்கும் வந்திருந்தால் உன்னிடமிருந்து அண்ணனுக்கு. அதுவரை பொறுமையாகக் கேட்டவள் எழுந்துவிட்டாள்.

"பால் குடுத்தேன். சோறு குடுத்தேன். ஒங்கப்பன் செத்த பொறவு ஃபேக்டரில தூசி தின்னு படிக்க வச்சேன். இப்ப சீக்கையும் நான்தான் குடுத்தேனா?"

"யாரும் குடுக்கலம்மா. உன்கிட்ட அந்த ஜீன் ரெண்டு இருக்கு, அதுல ஒண்ணு புள்ளைக்குப் போவும். எது போவும்னு யாரு கண்டா—"

"பாதியில வுட்டுட்டு வந்த படிப்ப வச்சு எனக்குப் பாடம் எடுக்காத."

அப்புறம் பாத்திரம் விளக்கினாள். விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் பேச்சில்லை. முறுக்கு நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 9, சனி

கடையில் ஒரு வெல்டர் சாப்பிட வந்தார். கையில் பழைய தீக்காயம். பில் கொடுக்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன், வெயிலில் எப்படி நிற்கிறீர்கள், சட்டையை நனைத்துக்கொள்வீர்களா என்று. அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். ஈரச் சட்டையோடு வெல்டிங் பிடித்தால் கரண்ட் நேராக உடம்புக்குள் போகுமாம். கூட வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் போனாராம், தொட்டி மாதிரி நாலு பக்கமும் இரும்பு இருந்த இடத்தில்.

தட்டை அங்கேயே வைத்துவிட்டேன்.

அவன் நனைப்பான். எனக்குத் தெரியும். எட்டு வருஷப் பழக்கம். உடம்பு கொதிக்கும், மேஸ்திரி சட்டையைப் பார்ப்பார், பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும். யோசிக்கக்கூட மாட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "நனைக்காம இருக்கத் தெரியும் எனக்கு" என்றான்.

தெரியாது. அவனுக்குத் தெரியாதுன்னு அவனுக்கே தெரியும்.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா தீபாவளிப் புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அஃபிஃபா டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போயிருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடிக் கடையில் கண் பார்த்த ஆள், நீங்கள் இருதய மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டானாம். கருவிழியில் ஏதோ கோடு தெரிகிறது, அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத்தான் இப்படி வரும் என்றானாம். இவள் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. நான் மாமாவைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் அவளைக் கண் பிரிவுக்கு அனுப்பி விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு கருவிழியிலும் சுழி சுழியாக மெல்லிய கோடு. அதே கொழுப்புதான். பார்வைக்கு ஒன்றும் ஆகாதாம். ரத்தமும் எடுத்திருக்கிறார்கள், ஆனால் பெண்களுக்கு ரத்தத்தைவிடக் கண் சீக்கிரம் சொல்லிவிடுமாம்.

"எங்கிட்ட இருக்குடி" என்றாள். "அவன்ட்ட நான் சொல்றேன். நீ சொன்னா சண்டையாத்தான் சொல்லுவ."

சொன்னாள். அடுத்த அறையில் மெதுவாக. அவன் ஒரே ஒரு தடவை பேசினான்: "யார்டுக்குப் போறேம்மா. போயிட்டு வந்து பாக்கலாம்."

நவம்பர் 19, செவ்வாய்

இன்று நான் அங்கே இருந்தேன். நான் பார்க்காமல் யாராவது வந்து சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றரைக்கு மாமா என்னைக் கூப்பிட்டார். வீங்கின காலில் ரப்பர் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு நிறுவைக் கொட்டகை வரை நடந்தார். நடுவில் நான்கு தடவை நின்றார். எதற்கு என்று கேட்டால் முன்னால் கையைக் காட்டினார். நான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக் கல்லில் போய் உட்கார்ந்தார்.

அண்ணன் மெஷினை இறக்கிவிட்டு நேராகக் குழாய்க்கு வந்தான். மாமாவைப் பார்த்து நின்றான்.

"எந்திரிங்க மாமா."

"இன்னிக்கு ஒனக்குத் தண்ணி இல்ல."

"பைப்புல வருது."

"வரட்டும். ஒனக்கு இல்ல. நான்தான காட்டிக் குடுத்தேன், நானே நிப்பாட்டறேன். வேணும்னா என்னத் தள்ளிட்டு நனச்சிக்க."

அண்ணனின் கை குழாய்க்குப் போயிற்று, நின்றது. தள்ளவில்லை. திரும்பி அப்படியே நிறுவைக்குப் போனான். மூட்டை தூக்கி ஐந்து மணி நேரம் ஆன உடம்பு, முகம் செக்கச் சிவந்து, சட்டை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி.

அர்ஜுனன் மண்டோர் தராசைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார்.

"என்னடா ஹரி, மாமன் சட்டைய மாட்டிட்டு வந்துட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் தோளைப் பிடித்து முன்னால் வந்துவிட்டார்.

"என் சட்டதான் மண்டோர். கடைசிக் கொஞ்ச வருசம் பைப்புத் தண்ணிய வேர்வன்னு காட்டினேன், நீங்களும் எழுதினீங்க. இவனும் எட்டு வருசமா அதத்தான் காட்டறான். எங்களுக்கு வேர்க்காது. பொறந்ததுலேருந்து சீக்கு. கள்ளம் இல்ல."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. மண்டோர் அண்ணனைப் பார்த்தார், மாமாவின் காலைப் பார்த்தார், அப்புறம் தராசைப் பார்த்தார். எடையை எழுதினார். "அடுத்த ஆளு" என்றார்.

அண்ணன் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். எல்லார் முன்னாலும் இரண்டு காலையும் ஈர சிமெண்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பேசாத" என்றான். பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

நவம்பர் 21, வியாழன்

விரலில் ஒரு குத்து. ஐந்து வட்டம். வேனில் ஏறியதும் அண்ணன் பூட்ஸைக் கழற்றினான்.

டிசம்பர் 2, திங்கள்

ரிசல்ட் வராமல் கிளம்பமாட்டேன் என்று யார்டுக்குப் போன் செய்தான். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வேறு ஆள் ஏறியாயிற்று.

பையை இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. என்னால்தான் என்று நினைக்கிறான். நினைக்கட்டும். இல்லை, நினைக்கக் கூடாது. ச்சே.

டிசம்பர் 13, வெள்ளி

இருக்கிறது.

மாமாவைப் போலவே. ஆனால் அவன் கிட்னி இன்னும் நன்றாக இருக்கிறது. சிறுநீரில் கொஞ்சம் புரோட்டீன், அவ்வளவுதான். சீக்கிரம் கண்டுபிடித்ததுதான் முக்கியம் என்றார் டாக்டர். இல்லாத கத்தியையே மருந்தாகச் செய்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தக்குழாயில் ஏற்றலாமாம். விலை கேட்டேன். அதை நாங்கள் பார்க்கிறோம், விண்ணப்பம் எழுதுகிறோம் என்றார். எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. எரிச்சலுக்கு மட்டும் இப்போதே மாத்திரை.

மாமாவுக்கு டயாலிசிஸ்தான். அவர் அதையும் மரியாதை என்பார்.

வெளியே வந்து அண்ணன் கேட்டான்: "பத்து வருசத்துக்கு முன்னால கண்டுபுடிச்சிருந்தா மாமாவுக்கு?"

தெரியாது என்றேன். தெரியும்.

டிசம்பர் 29, ஞாயிறு

மாத்திரை வேலை செய்கிறது. அண்ணன் சாப்பிடும்போது காலைத் தரையில் தேய்க்கவில்லை. சாக்ஸ் போட்டிருந்தான். அம்மா பார்த்துவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். என் ரத்தமும் போயிருக்கிறது; எனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. டாக்டர், திரும்பப் போய்ப் படிக்கலாமே என்றார். இவருக்கும் ஒரு வேலை இல்லை.

பொங்கலுக்கு அலமாரி துடைத்தபோது நோட்ஸை எடுத்துவிட்டுப் பழைய காலண்டர் தாளை விரித்தேன். அம்மா கேட்டாள், ஏன் என்று. அந்தக் கெட்டிப் பேப்பர் எனக்கு வேண்டும் என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மெஷின் ரிப்பேர் கொட்டகைக்கு அண்ணனை மாற்றியிருக்கிறார்கள். நிழல். வெல்டிங்கும் அங்கே இருக்கிறது. யார் சொல்லி மாற்றினார்கள் என்று அவனுக்குத் தெரியாதாம். நேற்று அர்ஜுனன் மண்டோர் வாசலில் நின்று, "என்னடா, இன்னிக்கும் காஞ்சிருக்கா?" என்று கேட்டாராம். "காஞ்சிருக்கு மண்டோர்" என்றானாம். "இருக்கட்டும்" என்றுவிட்டுப் போனாராம். மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர்.

இன்று துணி துவைத்தேன். அண்ணன் சட்டை கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. ஒரே எண்ணெய்க் கறை, எப்போதுதான் பார்த்துப் போடுவானோ. மற்றபடி மொரமொரவென்று காய்ந்திருந்தது.

நக்கிப் பார்க்கவில்லை.